சுவருக்குப் பின்னால் விளக்கு

சோதனைக்கூடத்தில், மிளகளவு அலுமினிய உருண்டையை விண்கலத்தின் இரட்டைச் சுவர்மேல் சுட்டாயிற்று.

வெளித்தகட்டில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அது எதிர்பார்த்ததுதான். விண்வெளியில் வந்து மோதும் துகளைப் பொடியாக்குவதோடு அதன் வேலை முடிந்தது. பொடியைத் தாங்க வேண்டியது உள்தகடு.

அதைக் கழற்றி இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள். தகட்டுக்குப் பின்னால் விளக்கு, முன்னால் கண். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் சுவர் தோற்றது. இருட்டுக்காக வேண்டிக்கொள்ளும் கூட்டம் என்று மற்றப் பிரிவினர் இவர்களைக் கேலி செய்வார்கள்.

இன்று அவர்களில் ஒருத்தி வெளிச்சத்துக்காக வேண்டிக்கொண்டாள்.

போன வருடம் இதே சுவர் கொண்ட கலத்தில் காற்று இறங்கி இருவர் இறந்தார்கள். ஓட்டியவன் அவள் தம்பி. வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்தான் என்றது விசாரணை. கலம் எரிந்து கடலில் விழுந்ததால், எதிர்த்துச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

கூட இறந்தவனின் அம்மாவிடம் துக்கம் கேட்கப் போனாள். வாசலிலேயே நிறுத்தி, "உன் தம்பி மறதிக்கு என் புள்ளதான் கெடச்சானா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

துகள் துளைத்திருக்கலாம் என்று இவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை சுட்டுப் பார்க்க அனுமதி கேட்டு நடையாய் நடந்தாள்.

"நீயே பாரும்மா. நான் விளக்கப் பிடிக்கிறேன்," என்றார் கழுகண்ணன்.

எப்போதும் பார்ப்பவர் அவர்தான். பட்டப்பெயரே அதனால் வந்தது.

"என்னண்ணே, கழுகுக்கே கண்ணுல புரையா?"

அவர் சிரிக்கவில்லை. தகட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அறை விளக்குகள் அணைந்தன.

முதலில் ஒன்றுமில்லை. கண் இருட்டுக்குப் பழகியது. பிறகு, நடுவுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு புள்ளி. தலையை நகர்த்தினாள், மறைந்தது. பழைய இடத்துக்கு வந்தாள், அங்கேயே இருந்தது.

தம்பி எதையும் மறந்திருக்க வேண்டியதில்லை.

சொல்ல வாயெடுத்தாள். புள்ளி நடுங்கியது. விளக்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியுதாம்மா?"

தவறு வால்வில்தான், சுவரில் இல்லை என்று முடிவானதும், அதே சுவரோடு இரண்டாவது கலம் போன வாரம் கிளம்பிப் போயிருந்தது. ஏணியில் ஏறும் முன் ஒரு பெண் திரும்பிக் கையசைத்தாள். கழுகண்ணன் மகள் என்று, திரையில் பார்த்துக்கொண்டிருந்த சோதனைக்கூடமே எழுந்து கைதட்டியது.

இவளும்தான் தட்டினாள்.