நீலக் கட்டம் போட்ட சட்டை

"எஞ்சட்டை எங்க? அந்த நீலக் கட்டம் போட்டது?"

பீரோவுக்குள் தலையை விட்டபடியே கேட்டான் நாகராசு. சத்யா அடுப்படியிலிருந்து நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அது பழசுல்ல. நீங்கதான் அதப் போடுறதே இல்லையே."

"போடுறேன், போடல. எங்கன்னு கேட்டேன்."

"துணியோட துணியா அங்கிட்டுத்தான் கெடக்கும். அப்புறம் தேடிப் பாக்குறேன்."

தேட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். இது ஐந்தாவது சட்டை. இரண்டு மாதமாக ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் சனிக்கிழமைகளில். சனிக்கிழமை மத்தியானம்தான் அவள் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறாள். கேட்டால், துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைக்கும் குழுவாம். ஒருத்திக்குத் தெரிந்ததை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். கடைகளில் போர்வைக்கா பஞ்சம்? காது குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

நாகராசு சந்தேகப் பேர்வழி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அவன் உட்கார்ந்திருந்தாலும் மனசு வீட்டு வாசலில்தான் நிற்கும். பால்காரர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜெராக்ஸ் கடை வேலையை அவள் விட்டதும் இவனால்தான். அன்றிலிருந்து அவளுடைய போனை வாங்கிப் பார்க்காமல் அவன் படுத்ததே இல்லை. ஒன்றும் சிக்கியதும் இல்லை. விவரமானவள், அழித்துவிட்டுத்தான் தருகிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான்.

இப்போது சட்டை. எவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, அப்படியே அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்று முடிவு கட்டினான்.

பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனான். சத்யா பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து, கீழராஜ வீதியில் ஒரு மாடிப்படி ஏறினாள். ஐந்து நிமிஷம் விட்டு நாகராசுவும் ஏறினான். கதவோரம் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அதில் ஒரு ஜோடி பெரியதாக இருந்தது. அவனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஜன்னல் வழியாக மெல்ல எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஆம்பளை வாசனையே இல்லை. நீளமான மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்கள். பெரிய செருப்புக்குச் சொந்தக்காரி, ஆறடி உயரத்தில் ஒரு பெண், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டைத் துணி இழுபடும் சத்யா. பின்னாடி பேப்பர் கேன்வாஸ் ஒட்டித் தேச்சுட்டு வெட்டுங்க. சதுரம் கோணாது" என்றாள் அவள்.

"பாக்கெட்டைப் பிரிச்சுரவா பிளெஸ்ஸி?"

"வேணாங்க. அப்படியே விடுங்க, அதான் அழகு."

மேஜைமேல் கிடந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் தைத்து முடித்த பாதிப் போர்வை. அவனுடைய மற்ற நாலு சட்டைகளும் அதில் சதுரம் சதுரமாக உட்கார்ந்திருந்தன. நாகராசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குழுவை நடத்தும் மீனாள் அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"யாரு துணின்னு சொல்லிட்டு ஒட்டுங்கம்மா. நம்ம வழக்கம்ல? பிளெஸ்ஸி, மொதல்ல ஒன்னோடது."

"எங்கப்பா வேட்டிக் கரைங்க்கா. ஈஸ்டருக்குத்தான் கட்டுவாரு. அன்னைக்கு மட்டும் யாரையும் திட்ட மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து சத்யா சட்டைத் துண்டைக் கையில் எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சட்டை. நான் கடலையே பாத்ததில்லைன்னு கல்யாணமான புதுசுல மீமிசலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வாரப்ப நல்ல மழை. நான் நடுங்குறதப் பாத்துட்டு, இந்தச் சட்டையக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டு, பனியனோட பஸ்ல நின்னுக்கிட்டே வந்தாரு. பஸ்ஸே சிரிக்குது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்ல. நான் என்ன சொன்னாலும் நம்புவாரு, அப்படி ஒரு மனுசன்."

பக்கத்தில் இருந்த ஒருத்தி அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற நாகராசு, இப்படிப்பட்டவளையா வேவு பார்க்க வந்தோம் என்று வெட்கப்பட்டான். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"யாருங்க வேணும்?" என்றார் மீனாள் அக்கா.

"நான் சத்யா வீட்டுக்காரருங்க. நீங்க தைக்கிறது பூராம் எஞ்சட்டைதான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. பிளெஸ்ஸி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மீனாள் அக்கா அவனைப் பார்த்தார், பிறகு சத்யாவைப் பார்த்தார்.

"என்னம்மா இது? செத்துப்போனவங்க துணிய மட்டுந்தானே நாம இங்க தைக்கிறோம்? ஒன் வீட்டுக்காரரு போயி மூணு வருசமாச்சுன்னு சொன்னியே?"

சத்யா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊசியில் நூலைக் கோத்தாள்.

"ஆமாங்க்கா, மூணு வருசமாச்சு" என்றாள். "இவரு வேற ஆளு."