தோணி உதாரணம்

"மேல எறிஞ்ச பந்து உச்சியில ஒரு கணம் நிக்குதே, அந்த நேரம் அதில என்னென்ன விசை இருக்கு?"

பன்னிரண்டாவது ஆளிடம் இதே கேள்வியைக் கேட்டேன். எதிரே முப்லிஹா, முதலாம் வருட மாணவி, ஓட்டமாவடிக்காரி. மேசையில் என் போன் எங்கள் பேச்சைப் பதிந்துகொண்டிருந்தது.

சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். புவியீர்ப்பு. வேறு எதுவும் இல்லை.

ஆனால் அதை நான் சொல்லக் கூடாது. கெம்பஸ் பிள்ளைகள் பௌதிகத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கேட்க வேண்டும், எழுத வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். விரிவுரையாளர் ஒருத்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முப்லிஹா மின்விசிறியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டு விசை மிஸ். ஒண்டு புவியீர்ப்பு, கீழ இழுக்கும். மற்றது கை குடுத்த விசை. என்ஜின நிப்பாட்டினாலும் தோணி கொஞ்சத் தூரம் போகுதே, அது மாதிரி. குடுத்த விசை உள்ளுக்க இருக்கும், மெல்ல மெல்லத் தேயும்."

எனக்குப் புல்லரித்தது.

தோணி! அதே தோணி. இவளோடு ஏழு பேர் ஆகிவிட்டது. வாழைச்சேனை மீனவர் வீட்டுப் பையன் தனோஜன் சொன்னான், வவுணதீவு வதனி சொன்னாள், எல்லாருடைய வாயிலும் அதே 'தேயும்'.

பிழைதான். முழுப் பிழை. ஆனால் என்ன அழகான பிழை! வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளைகள், விடிந்தால் தோணி பார்க்கிறார்கள், பார்த்ததை வைத்துத் தாங்களே ஒரு பௌதிகம் கட்டியிருக்கிறார்கள். என் கட்டுரையின் உயிரே இதுதான். 'வாவி கற்பித்த விசை' என்று தலைப்பும் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கொழும்பு மாநாட்டில் வாசிக்க வேண்டும். சுருக்கத்தைப் படித்த பேராசிரியர் ஒருவர் பாராட்டி மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாராட்டுக்காக நான் ஏங்கிப்போயிருந்தேன். போன தவணை மாணவர் கருத்துத் தாள்களில் பாதிப் பேர் ஒரே வசனம் எழுதியிருந்தார்கள்: மிஸ் படிப்பிக்கிறது விளங்குதில்ல. ஆங்கிலத்தில் படிப்பிக்கிறேன், ஒரு பிழை விடாமல் படிப்பிக்கிறேன், விளங்கவில்லையாம்!

நான் நிரப்பும் படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி. 'இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது?' மற்ற ஆறு பேருக்கும் கேட்காமலேயே 'வாவி' என்று எழுதியிருந்தேன். இவளுக்கும் 'வா' வரை எழுதிவிட்டுத்தான், ஒரு மரியாதைக்காகக் கேட்டேன்.

"தோணியில அடிக்கடி போவீங்களோ?"

"நானா? அல்லாவே! தோணியில ஏறினதே இல்ல மிஸ். வாப்பா விடமாட்டார்."

"அப்ப இத எங்க கண்ட நீங்க?"

"நோட்ஸ்ல மிஸ்."

பையிலிருந்து எடுத்தாள். ஏ.எல். பரீட்சைக்கான நோட்ஸ். அவளுக்கு மூத்த ராத்தா படித்து, ராத்தாவின் சிநேகிதிகள் படித்து, ஏறாவூருக்குப் போய், வாழைச்சேனைக்குப் போய், வவுணதீவுக்கும் போய், ஊரெல்லாம் சுற்றி இவளிடம் திரும்பி வந்ததாம். போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. முன் தாள் எப்போதோ கழன்றுவிட்டது. எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. என் விரிவுரை விளங்காத நாட்களில் இதைத்தான் எடுத்துப் பார்ப்பாளாம். அதையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

பத்தாம் பக்கத்தை விரித்தாள். கையால் வரைந்த ஒரு தோணி. தோணிக்குள் குடை பிடித்த ஒரு பெண். கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: விசை மெல்ல மெல்லத் தேயும்.

குடையின் கைப்பிடி நத்தை ஓடு போல இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. குடையை நான் அப்படித்தான் வரைவேன். உம்மாகூடக் கேலி செய்வா.

பதினெட்டு வருடங்களுக்கு முன், ஏ.எல். எழுதிவிட்டுக் கெம்பஸ் கிடைக்கும்வரை, காத்தான்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தேன். பௌதிகத்தில் ஏ எடுத்திருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. விளங்காமல் முழித்த பிள்ளைகளுக்காக நானே மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த உதாரணம் அது. 'தேயும்' என்ற சொல்லும் நான் போட்டதுதான். அது பிழை என்று எனக்குக் கெம்பஸில் இரண்டாம் வருடம் விளங்கியது. அதற்குள் நோட்ஸை மறந்தே போயிருந்தேன்.

வாவி ஒருவருக்கும் ஒன்றும் கற்பிக்கவில்லை. பாவம், அது தன் பாட்டில் கிடக்கிறது.

வெட்கம் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமையை நினைத்தால் பயம் மறுபக்கம். பேசாமல் 'வாவி' என்று எழுதி முடித்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. முன் தாள்தான் இல்லையே.

கை வரவில்லை. 'வா'வை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். ஸாதியா.

முப்லிஹா எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், பெட்டிக்குள்ள உங்கட பேர எழுதிட்டீங்க."

"ஓம். இந்த நோட்ஸ எழுதின ஆள் நான்தான்."

அவள் தோணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நோட்ஸை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

"போங்க மிஸ். இத எழுதினவங்க நல்லா விளங்கப்படுத்துவாங்க."