கோழி வாங்கிய ஜெனரேட்டர்

குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்த செவலைக் கோழிக்கு மின்வெட்டுதான் பெருங்கவலை. சூடு குறைந்தால் முட்டைகள் கெட்டுவிடுமே! ஜெனரேட்டர் வாங்க நரியின் கடைக்குப் போனது.

நரி பெரிதாக ஒன்றை முடுக்கிவிட்டது. காது கிழிந்தது.

"விலை கிடக்குது, எடுத்துட்டுப் போங்க அக்கா. இது ஓடினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது!"

கோழி நரியின் பஞ்சு போன்ற பாதங்களை ஒரு கணம் பார்த்தது.

"மூலையில இருக்கே, அந்தச் சின்னதைக் குடுங்க தம்பி. நாலு பல்புக்கு அது போதும்."

நரியின் முகம் தொங்கிப்போனது.

மறுநாள் மத்தியானமே மின்சாரம் போனது. வாசலில் சின்ன ஜெனரேட்டர் மெல்ல முனகியது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கொத்தும் சத்தம் கோழிக்குத் தெளிவாகக் கேட்டது. வேலியோரம் சருகு மிதிபடும் சத்தமும் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு, கோழி நிம்மதியாக வந்து உட்கார்ந்தது.