மரியாதைக்குக் கூப்பிட்டால்

“வாங்க, சாப்பிடலாம்.”

தட்டைத் திறந்ததும் அராபா வழக்கம்போலச் சொன்னாள். எங்கள் கானாவில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது இப்படிச் சொல்லாமல் யாரும் வாயில் கவளம் வைக்க மாட்டார்கள். கேட்டவரும் “இருக்கட்டும், நல்லா சாப்பிடு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அதுதான் அழகு.

ஜிஃபாவுக்கு அந்த அழகெல்லாம் கிடையாது. “இதோ வந்துட்டேன்” என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சும்மா வந்தாளா? கட்டிலில் புத்தகமும் கையுமாக இருந்த சனாத்துவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஒரே விடுதி அறை.

“நான் சாப்பிட்டாச்சு,” என்றாள் சனாத்து.

“நான் மட்டும் தின்னா அராபா கண்ணு வச்சுடுவா. உக்காருடி.”

மக்காச்சோள மட்டையில் கட்டி வேகவைத்த கென்கே உருண்டை ஒன்று, பொரித்த மீன் ஒன்று. கை மட்டும் மூன்று. அராபா பாதி வயிற்றோடு எழுந்தாள்.

தேர்வு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டுப் பெட்டி எல்லோருக்கும் அடி தட்டிக்கொண்டிருந்த நேரம். அராபாவுக்குப் படிப்பில் மனசே ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்தால், பெட்டியில் மிச்சமிருக்கும் மரவள்ளி ரவை எத்தனை வேளைக்கு வரும் என்ற கணக்குதான் ஓடியது.

“வயிறா அது, வண்ணான் சாலா?” என்று பக்கத்து அறைக்காரிகளிடம் பொருமினாள். கூடவே அந்த அப்பாவிப் பெண்ணையும் ஜிஃபா கெடுக்கிறாள் என்றாள். வராந்தா மூலையில் ஒளிந்து தின்றும் பார்த்தாள். மோப்பம் பிடித்துக்கொண்டு ஜிஃபா அங்கேயும் வந்து நின்றாள், சனாத்துவோடு.

சனிக்கிழமை சனாத்து வாளியோடு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அறையைப் பெருக்கிய அராபா, ஜிஃபாவின் பெட்டியைக் காலால் தள்ளினாள். பெட்டி அசையவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தொறடி இதை.”

ஜிஃபா பூட்டைத் திறந்தாள். மரவள்ளி ரவை, சர்க்கரை, நிலக்கடலை, மீன் தொக்கு. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“வெக்கமா இல்ல? உன் பெட்டியைப் பூட்டி வச்சுட்டு என் தட்டுல கை வைக்கிறியே. கூப்பிடறது மரியாதைக்குடி. வந்து உக்கார்றதுக்கு இல்ல.”

ஜிஃபா கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சனாத்து பெட்டி காலியாகி ஒரு மாசம் ஆச்சு. பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தா. நான் ஒரு டப்பா ரவை கொடுத்தேன். அப்படியே திருப்பி வச்சுட்டா. பிச்சை எடுத்துப் படிக்கணுமா, ஊருக்கே போயிடறேன்னு பையைக் கட்டினா.”

அராபா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“வெக்கங்கெட்டவ ஒருத்தி முதல்ல உக்காந்துட்டா, ரெண்டாவதா உக்கார்றவளை யாரும் கவனிக்க மாட்டாங்க. நீ கவனிச்சியா?”

கவனிக்கவில்லை.

படியில் வாளிச் சத்தம் கேட்டது. ஜிஃபா அவசரமாகப் பெட்டியை மூடினாள்.

“உன் வயிறு காயறதும் எனக்குத் தெரியுது. நாளையிலேர்ந்து நான் தட்டைத் தொறந்து கூப்பிடறேன். ஆனா வெக்கங்கெட்டவளா நீதான் முதல்ல வந்து உக்காரணும்.”