வண்டி ஓடாத பௌர்ணமி

செங்கம் சாலையோரக் கல்லூரியின் இருட்டறைச் சுவரில், சிவப்பு லேசர் வளையங்கள் இன்று ஆடாமல் நிற்கின்றன. மற்ற நாட்களில் பஸ் போனாலே மேசை அதிர்ந்து அவை கலைந்துவிடும். அதனாலேயே கவிநிலாவின் எம்.எஸ்சி. ஆய்வு முடியாமல் கிடக்கிறது. இன்று பௌர்ணமி. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்; வெளியே கிரிவலம் போகிறவர்களின் வெறுங்கால்கள் மட்டும்தான். லேசரின் வழியில் நல்லெண்ணெய் நிரம்பிய கண்ணாடிப் பெட்டியை அவள் மெல்ல, மிக மெல்லத் திருப்புகிறாள். நடுவிலிருந்து வளையங்கள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. அவற்றை எண்ணிவிட்டால் எண்ணெய்க்குள் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். "கத்தணும் போல இருக்குடி!" என்கிறாள் தோழி வினோதினி. "கத்துனே, கொன்னுடுவேன். எண்ணுடி!" வினோதினி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு விரல் மடக்குகிறாள். கவிநிலாவின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. துடைக்க இருவருக்குமே கை ஒழியவில்லை.