நடுவில் ஒரு கோடு

"ஹலோ, தாலி மஹாலா? ரெண்டு மட்டன் தாலி, ஒரு வெஜ் தாலி. ஊறுகா மட்டும் கொஞ்சம் கூட வைங்க."

சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருபது வருடமாகத் திருமாங்கல்யம் செய்து விற்கிறவளிடம் மட்டன் தாலி கேட்டால் யாருக்குத்தான் வராது? சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போனை வைத்தாள்.

"இன்னிக்கு இது மூணாவது ஆளு," என்றாள், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன் மகள் ரக்ஷனாவிடம். "எல்லாம் நீ போட்ட அந்தக் கோட்டால வந்த வினை."

கோடு என்றது வெப்சைட் பெயரில் இருந்த ஹைஃபனை. போன வருடம் கட்டட உரிமையாளர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட, தெருவைப் பார்த்து இருந்த கடை இரண்டாம் மாடிக்குப் போனது. அங்கே போகிற வருகிறவர் கண்ணில் படாது. இனி வெப்சைட்தான் வாசல் என்று 'தாலிமஹால்' என்ற கடைப் பெயரைப் பதியப் போனால், தோ பாயோவில் ஒரு சாப்பாட்டுக் கடை முந்திக்கொண்டிருந்தது. ரக்ஷனா யோசிக்கவே இல்லை. நடுவில் ஒரு கோட்டைப் போட்டு 'தாலி-மஹால்' என்று பதிந்துவிட்டாள்.

"கோடு இருந்தா படிக்க ஈசி அத்தை. கூகுளுக்கும் ஓகே லா."

"கூகுளா வந்து தாலி வாங்கப் போகுது? கல்யாண வீட்டுல ஒருத்தர் வாயால இன்னொருத்தருக்குச் சொல்லுவாங்க. வாயில கோடு வருமா?"

ரக்ஷனா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்திரமதி விடவில்லை.

"சோறு கேக்குறவங்க நம்மகிட்ட வர்றாங்க, போகட்டும். தாலி கேக்குறவங்க எத்தனை பேரு அங்க போயி மாட்டுறாங்களோ? ஆவணி முழுக்க நாலே நாலு ஆர்டர். இப்படியே போனா தை மாசத்துக்கு நம்ம கடை இருக்காது."

"அதுக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரு என்ன அத்தை பண்ணுவாரு?"

"பேரை விட்டுக் கொடுக்கட்டும். இருபது வருஷக் கடைக்குக் கோடு இல்லாத பேரு. நேத்து வந்தவரு கோட்டை வச்சுக்கட்டும். இன்னிக்கு நேர்லயே கேட்டுடறேன்."

மத்தியானமே எம்.ஆர்.டி. ரயில் ஏறிவிட்டாள். சண்டை வந்தால் விலக்க ஆள் வேண்டுமே என்று ரக்ஷனாவும் கூடவே போனாள்.

தோ பாயோ கடையில் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கல்லாவில் முதலாளி காதர் மைதீன். பக்கத்தில் போனும் நோட்டுமாக அவர் மனைவி பதுருன்னிசா.

"வாங்கம்மா, ரெண்டு பேரா? ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

"சாப்பிட வரலை பாய். ஒரு நியாயம் கேக்க வந்திருக்கேன்," என்று சந்திரமதி தொண்டையைக் கனைத்தாள்.

அதற்குள் போன் அடித்தது. பதுருன்னிசா எடுத்தார்.

"தாலி மஹால், சொல்லுங்க. தாலியா? சாப்பிடுறதுக்கா, கட்டுறதுக்கா?"

சந்திரமதி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"கட்டுறதுக்கா? ரொம்ப சந்தோஷம். மகளுக்கா? பொட்டுத் தாலியா வேற மாதிரியான்னு உங்க வழக்கத்தை வீட்டுல கேட்டு வச்சுக்குங்க. அங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. நம்பர் தர்றேன், எழுதிக்குங்க. வெப்சைட்டுன்னா நடுவுல ஒரு கோடு போடணும், மறந்துடாதீங்க. கடை லிட்டில் இந்தியாவுல, நம்ம தேக்காவுல, ரெண்டாவது மாடி. கீழ தேடிட்டு இல்லைன்னு திரும்பிடாதீங்க."

போனுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் இருந்தது சந்திரமதியின் கடை நம்பர்.

"அது வேற ஒண்ணும் இல்லம்மா," என்றார் காதர் மைதீன். "தேக்காவுல நம்ம பேருலயே ஒரு நகைக்கடை இருக்கு. அங்க போக வேண்டியவங்க இங்க வந்துடுறாங்க. கல்யாண விஷயம் பாருங்க, நம்மால தடங்கல் ஆகக் கூடாது. ஆவணியில மட்டும் நாலு பேரை அனுப்பி வச்சோம். சரியாப் போய்ச் சேர்ந்தாங்களோ என்னவோ. ஆமா, நீங்க என்னமோ நியாயம் கேக்கணும்னீங்களே?"

கொண்டு வந்த நியாயம் சந்திரமதிக்கு மறந்தே போனது. அந்த நாலு பேருக்கும் தாலி செய்து கொடுத்தவள் அவள்தானே. வெட்கமாக இருந்தது.

"அங்கிள், அந்தக் கோடு போட்ட கடை எங்க அத்தையோடதுதான்," என்று ரக்ஷனா உடைத்துவிட்டாள்.

அவ்வளவுதான், கடையே கலகலப்பாகிவிட்டது. "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று காதர் மைதீன் எழுந்து வந்தார். நாற்காலி துடைக்கப்பட்டது. வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் இரண்டு கிண்ணத்தில் குலோப் ஜாமூன் வந்தது. பதுருன்னிசா போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நான் கேக்கணும்னே இருந்தேன் அக்கா. எங்க ஆளுங்களும் சாப்பாட்டுக்கு உங்க நம்பருக்குத் தப்பாக் கூப்பிடுவாங்கல்ல? பாவம், உங்களுக்கும் தொந்தரவுதான். அவங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

ரக்ஷனா அத்தையைப் பார்த்தாள்.

'அந்தச் சாப்பாட்டுக் கடையை மூடி மூணு மாசமாச்சே' என்று காலையிலிருந்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்த சந்திரமதி, வாயிலிருந்த குலோப் ஜாமூனை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.