மூன்றாவது மீன்

கடலில் மீன்கள் அற்றுப்போன பிறகு, தூத்துக்குடியில் வீட்டுக்கொரு உப்புநீர்த் தொட்டி வைத்து மிச்சத்தை வளர்த்தார்கள். ஜெனோவாவின் சிறிய தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. தனியாக வாழ்ந்த பக்கத்து வீட்டு மரியதாஸ், ஆஸ்பத்திரியில் சேரப் போகும் வழியில் ஒரு நீல மீனைத் தண்ணீர்ப் பையில் கொண்டுவந்தார்.

"இந்த இனத்துல இது ஒண்ணுதாம்மா மிச்சம். யாரும் வாங்க மாட்டேங்காவ."

"இது கடிக்கிற மீன்லா அண்ணாச்சி. தொட்டியும் ரெண்டுக்கு மேல தாங்காது. மூணும் செத்துரும்."

"சரிம்மா."

அவர் பையை மார்போடு அணைத்தபடி படியிறங்கினார். ஜெனோவா தன் மீன்களுக்கு இரை தூவினாள். அழுகை வரவில்லை.

சாப்பிடும்போது அவள் அதைச் சொல்ல, கணவன் எட்வின் கேட்டான்: "அந்த மீனுக்குப் பேரு என்ன?"

"கேக்கலியே" என்றவள், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்றாள்.